மிளகின் 15 எண்கள்

தெரிந்தவர்கள் யாராவது நாடு விட்டு நாடு வீடு மாறுகிறார்கள் என்றால் இப்போதெல்லாம் எனக்கு ஒரு போன் வந்துவிடுகிறது. "அடுத்த மாசம் கிளம்பறோம். நாயையும் கூட்டிட்டுப் போகணும். என்னென்ன பேப்பர் வேணும்னு கொஞ்சம் சொல்லுங்க." அந்த 'அடுத்த மாசம்' காதில் விழுந்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கும். எந்த நாட்டுக்கு, எந்த நாட்டிலிருந்து என்று முதலில் கேட்பேன். சில இடங்களுக்கு ஒரு மாதம் போதும். பல இடங்களுக்கு நான்கு மாதம் வேண்டும். ஜப்பானுக்கு எட்டு மாதம்கூட ஆகலாம். பேசுகிறவர் அதற்குள் டிக்கெட் எடுத்திருப்பார், வீட்டைக் காலி செய்யும் தேதியைச் சொல்லியிருப்பார், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வாங்கியிருப்பார். நாய் மட்டும் கணக்கில் கடைசியாக வந்திருக்கும்.

நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். எங்கள் மிளகு ஆறு வயதுக் கருப்பு நாய். மழையில் சாலையோரம் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை என் கணவர் சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்தார். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறோம். தடுப்பூசிப் புத்தகம் பூராவும் சீல். கணவருக்கு ஃபின்லாந்தில் வேலை கிடைத்தபோது, அந்தப் புத்தகம் கையில் இருக்கும் தைரியத்தில்தான் கால்நடை மருத்துவரிடம் போனேன். ஒரு சான்றிதழ் எழுதி வாங்கினால் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சிப் எப்போ போட்டீங்க?" என்று கேட்டார்.

போடவில்லை. அதற்குத் தேவை வந்ததே இல்லை.

"அப்போ இந்த ஊசி எதுவும் அவங்க கணக்குல சேராதும்மா."

ஆறு வருஷத்து ஊசிகள் ஒரே வாக்கியத்தில் இல்லாமல் போனதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் காரணத்தைக் கேட்டபோது அதில் குறை சொல்ல ஒன்றும் தெரியவில்லை. ஊசி போட்டது இந்த நாய்க்குத்தான் என்று எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? கருப்பு நாய், வெள்ளை மார்பு என்று எழுதினால் அந்த அடையாளத்தோடு ஆயிரம் நாய் இருக்கும். அதனால் முதலில் உடம்புக்குள் ஒரு எண், அதற்குப் பிறகுதான் ஊசி. ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம், ஆனால் சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இது. இதே வரிசையை இன்னும் பல நாடுகள் கேட்கின்றன.

சிப் என்பது ஒரு அரிசி அளவுதான். கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சுருளும் ஒரு சின்ன மின்சில்லும். பேட்டரி கிடையாது. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால், அதன் அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. பலர் அப்படி நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில் இருக்க வேண்டும், 134.2 கிலோஹெர்ட்ஸில் பேச வேண்டும், எண் 15 இலக்கமாக இருக்க வேண்டும். பழைய வகைச் சிப்புகளில் 9, 10 இலக்க எண்கள் இருக்கும். அந்த மாதிரி சிப் இருக்கிற நாயோடு ஐரோப்பாவுக்குள் போவதென்றால் அதைப் படிக்கும் ஸ்கேனரையும் நாமே கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் புதிதாக இன்னொரு சிப் போட்டு, இரண்டு எண்களையும் எல்லாத் தாளிலும் எழுத வேண்டும்.

ஜூன் 3-ம் தேதி மிளகின் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில் சிப் போனது. டாக்டர் ஸ்கேனரை வைத்துப் பார்த்தார், எண் வந்தது. அதன் பிறகுதான் ரேபிஸ் ஊசியைக் கையில் எடுத்தார். சிப்போடு வந்த பார்கோடு ஸ்டிக்கர்களில் ஒன்றைப் புத்தகத்தில் ஒட்டி, மீதியை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார். "பத்திரமா வெச்சுக்கோங்க. கையால எழுதறதைவிட இதை ஒட்டறதுதான் நல்லது." அந்த வார்த்தையின் அருமை எனக்கு ஆகஸ்ட்டில்தான் புரிந்தது.

அப்புறம் கணக்கு போட்டோம். ரேபிஸ் நிலவரத்தை வைத்து ஐரோப்பிய ஒன்றியம் சில நாடுகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து போனால் முதல் ஊசிக்குப் பிறகு 21 நாள் காத்திருந்தால் போதும். எங்கள் நாடு பட்டியலில் இல்லை. அப்படியென்றால் ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அந்த ரத்தத்தை ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேபிஸ் கிருமியைத் தடுக்க உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். இருந்தாலும் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

இந்த மூன்று மாதம்தான் எல்லோரையும் கோபப்படுத்துகிறது. என்னையும்தான். சோதனையில் தேறியாகிவிட்டது, அப்புறம் எதற்கு இன்னும் மூன்று மாதம்? டாக்டரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ரேபிஸ் கிருமி உடம்புக்குள் போனதும் நோய் தெரியாது. கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். ஊசி போடுவதற்கு முன்பே ஒரு நாய்க்குத் தொற்று ஏற்பட்டிருந்தால், ரத்தத்தில் எதிர்ப்பொருள் நன்றாகவே இருக்கும், கூடவே நோயும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். அந்த நாயை எந்தச் சோதனையும் காட்டிக்கொடுக்காது, நாட்கள்தான் காட்டிக்கொடுக்கும். நோய் வெளியே தெரிந்த பிறகு மனிதர்களுக்கோ நாய்க்கோ மருந்தில்லை என்றே சொல்லலாம். உலகத்தில் வருஷத்துக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் கிட்டத்தட்ட எல்லாமே நாய்க்கடியால் வருவது. இதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த மூன்று மாதத்தின் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

முன்பெல்லாம் இந்தக் காத்திருப்பு கூண்டில் நடந்தது. பிரிட்டனுக்குள் நாயைக் கொண்டுபோனால் ஆறு மாதம் தனிமைக் காப்பகத்தில் விட வேண்டும். தலைமுறை தலைமுறையாக அதுதான் சட்டம். வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். 2000-ல்தான் சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை, சான்றிதழ் என்று ஒழுங்காக வைத்திருக்கும் நாய்களை நேராக உள்ளே விட ஆரம்பித்தார்கள். நாம் இன்று சலித்துக்கொள்ளும் இந்தத் தாள்கள் அந்தக் கூண்டுக்குப் பதிலாக வந்தவை. காத்திருப்பு எங்கும் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. தேதிகளைச் சரியாக வைத்துக்கொண்டால் நாய் தன் வீட்டில், தன் பாயில் படுத்துக்கொண்டே அந்த நாட்களைக் கழித்துவிடும்.

ஜப்பானின் விதியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ரேபிஸ் உள்ள நாடுகளிலிருந்து போகிறவர்கள் முதலில் சிப், பிறகு 30 நாளுக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு ரேபிஸ் ஊசி, பிறகு ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு என்று போக வேண்டும். வருகிற தேதிக்கு 40 நாளுக்கு முன்பே அவர்களுடைய விலங்குத் தனிமைப்படுத்தல் துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் விமான நிலையத்துச் சோதனை 12 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சரியாக இல்லையென்றால் அவர்களுடைய காப்பகத்தில் 180 நாள் வரை. இரண்டு இடத்திலும் அதே 180-தான்.

ஆஸ்திரேலியா இன்னும் கண்டிப்பு. அங்கீகரித்த நாடுகளிலிருந்து மட்டுமே நேராகப் போகலாம். எல்லாத் தாளும் சரியாக இருந்தாலும் மெல்போர்ன் அருகே மிக்கெல்ஹாமில் உள்ள காப்பகத்தில் குறைந்தது 10 நாள். ரேபிஸ் உள்ள நாட்டிலிருந்து வரும் நாய் என்றால், ரத்தப் பரிசோதனைக்கு முன்பே அரசுக் கால்நடை அதிகாரி சிப்பை ஸ்கேன் செய்து அடையாளத்தை உறுதி செய்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் அந்தப் பத்து நாள் முப்பது நாளாகிவிடும். 2023-ல் வந்த மாற்றம் இது. ஒரு அதிகாரி ஒரு நாள் காலையில் ஸ்கேனரை எடுத்து எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார், அதற்கு 20 நாள் கூண்டு மிச்சம். 2015-ல் நடிகர் ஜானி டெப்பும் ஆம்பர் ஹெர்டும் இரண்டு சின்ன நாய்களைத் தனி விமானத்தில் சொல்லாமல் அங்கே கொண்டுபோய், நாய்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதானது பலருக்கு நினைவிருக்கும். அடுத்த வருஷம் நீதிமன்றத்தில் ஆம்பர் ஹெர்ட் ஒப்புக்கொண்ட குற்றம், பயணிகள் நிரப்பும் அட்டையில் பொய்யான தகவல் கொடுத்தது. அந்த அட்டையும் நாயின் தாள்களில் ஒன்றுதான் என்பதை மறந்துவிடுகிறோம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

ஜூலை 6-ம் தேதி ரத்தம் எடுத்தார்கள். ஊசி போட்டு 33-வது நாள். முப்பதாவது நாளே எடுத்திருக்கலாம், ஆனால் நாளை எண்ணுவதில் இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் ஒரு நாள் வித்தியாசம் வந்துவிடக் கூடாது என்று டாக்டர் மூன்று நாள் தள்ளினார். இந்த மாதிரி சின்ன இடைவெளியை ஒவ்வொரு படியிலும் விடுங்கள் என்றுதான் நானும் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். முன்காலில் ஒரு சின்ன இடத்தில் முடியை மழித்து ஊசி குத்தியபோது மிளகு என் கையில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டது. அசையவில்லை.

அந்த ரத்தம் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. படித்துப் பார்த்தேன். ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்து, படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு படியிலும் உயிருள்ள ரேபிஸ் வைரஸைக் கலக்கிறார்கள். அந்தக் கலவையை வளர்ப்புச் செல்கள் மேல் விட்டு 48 மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு ஒளிரும் சாயம் பூசி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். வைரஸ் செல்லுக்குள் புகுந்த இடம் பச்சையாக ஒளிரும். எதிர்ப்பொருள் தடுத்து நிறுத்திய இடம் இருட்டாக இருக்கும். எத்தனை நீர்த்த படி வரை இருட்டு தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் முடிவில் வரும் எண். இந்த முறையைச் சரியாகச் செய்கிறார்களா என்று ஆய்வகங்களுக்கே பரீட்சை வைத்துப் பார்க்கிற பொறுப்பு பிரான்ஸின் நான்சி நகரத்து ஆய்வகத்துக்கு. எங்கோ ஒரு கண்ணாடித் தட்டில் மிளகின் ரத்தம் வைரஸைத் தடுத்து நிற்பதை நினைத்தபோது எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு சிக்கல். புத்தகத்தில் உரிமையாளர் பெயர் என் கணவருடையது. அவரோ ஜூலை 20-ம் தேதி வேலையில் சேரக் கிளம்பியாக வேண்டும். ஐரோப்பிய விதிப்படி உரிமையாளரும் நாயும் ஒன்றாகப் பயணம் செய்ய வேண்டும். முன்னே பின்னே போனாலும் ஐந்து நாளுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வியாபாரத்துக்கு விலங்கு அனுப்புவது என்ற கணக்கில் போய்விடும். அதற்கு விதிகள் வேறு, தாள்கள் வேறு. அதனால் மிளகின் உரிமையாளராக என் பெயரை எல்லா இடத்திலும் மாற்றினோம். மாற்றும்போதுதான் கவனித்தேன், ஒரு தாளில் பிறந்த தேதி மார்ச் என்று இருந்தது, இன்னொன்றில் ஏப்ரல். சாலையில் கிடைத்த குட்டிக்குப் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? பல்லைப் பார்த்து மருத்துவர் சொன்ன உத்தேசம்தான். ஆனால் உத்தேசமாக இருந்தாலும் எல்லாத் தாளிலும் ஒரே உத்தேசமாக இருக்க வேண்டும். நிறமும் அப்படியே. ஒன்றில் 'கருப்பு', இன்னொன்றில் 'கருப்பு-வெள்ளை'. இனம் என்ற இடத்தில் ஒருவர் வேட்டைநாய்க் கலப்பு என்று ஆசையாக எழுதிவைத்திருந்தார். எல்லாவற்றையும் அழித்து, 'கலப்பினம், கருப்பு, மார்பில் வெள்ளை' என்று ஒரே வாசகமாக எழுத வைத்தேன். இனத்தை நிச்சயமாகத் தெரியாமல் எழுதாதீர்கள். சில நாடுகளில் சில இனங்களுக்குத் தடை இருக்கிறது. பிரிட்டனில் 1991 சட்டப்படி பிட்புல், ஜப்பானிய டோசா போன்றவை, பிறகு எக்ஸ்எல் புல்லி. ஊகத்தில் எழுதிய ஒரு பெயர் உங்கள் நாயை வாசலிலேயே நிறுத்திவிடும்.

கணவர் கிளம்பிப் போனார். எனக்குத் துணையாக அம்மா வந்து தங்கினார்.

ஆகஸ்ட் நடுவில் ஆய்வக முடிவு வந்தது. 0.5-க்கு எத்தனையோ மடங்கு மேல். அன்றைக்கு வீட்டில் ஒரே சந்தோஷம். ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு எல்லாத் தாள்களையும் ஒரே கோப்பில் அடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். அம்மாவிடம் ஆய்வக அறிக்கையைக் கொடுத்து சிப் எண்ணை வாசிக்கச் சொன்னேன். நான் புத்தகத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்தார். கடைசி நாலு எண்ணில், "நாலு… ஒண்ணு… ஏழு… எட்டு."

என் விரல் நின்றிருந்த இடத்தில் நாலு, ஏழு, ஒன்று, எட்டு.

"திரும்ப வாசிம்மா."

திரும்ப வாசித்தார். 4178. ஸ்டிக்கரில் 4718. இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. மிளகு நாற்காலிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் உடம்பில் இருக்கிற எண்ணுக்கும் அந்த அறிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. எல்லையில் ஸ்கேனர் ஒரு எண்ணைச் சொல்லும், அறிக்கை வேறு எண்ணைச் சொல்லும். அதிகாரியின் பார்வையில் அது வேறு ஏதோ ஒரு நாயின் ரத்தம். மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னால் மறுபடி மூன்று மாதம், அதுவும் அன்றிலிருந்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா எதுவும் சொல்லாமல் அந்த 15 எண்களையும் ஒரு காகிதத்தில் பெரிதாக, மேலே புத்தகத்து எண், அதற்குக் கீழே அறிக்கை எண் என்று நேர்நேராக எழுதி, மாறிய இரண்டையும் வட்டமிட்டார்.

காலையில் அந்தக் காகிதத்தோடுதான் மருத்துவமனைக்குப் போனேன். ஆய்வகத்துக்கு அனுப்பிய படிவத்தில் எண்ணைக் கையால் எழுதியிருந்தார்கள். எழுதும்போது மாறியிருக்கிறது. யார் கை என்று அவர்களும் தேடவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களைக் காப்பாற்றியது ரத்தக் குப்பி. அங்கே வேலை செய்யும் பெண் குப்பியின் மேல் கையால் எழுதாமல் பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டியிருந்தாள். டாக்டர் தன் கையெழுத்தோடு விளக்கக் கடிதம் எழுதினார், ஸ்டிக்கரின் நகலை இணைத்தார், குப்பியைச் சரிபார்க்கச் சொல்லி ஆய்வகத்துக்கு அனுப்பினார். திருத்திய அறிக்கை வர 17 நாள் ஆனது. அந்த 17 நாளும் நான் அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆகவே யார் கேட்டாலும் நான் இதை அழுத்திச் சொல்கிறேன்: ஒவ்வொரு தாளும் கைக்கு வந்த அன்றே, இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்க, எண்ணைச் சரிபாருங்கள். தனியாகப் பார்த்தால் கண் தானாகவே சரிசெய்துகொண்டு போய்விடும். ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போகும்போதும் சிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சிலசமயம் சிப் தோளிலிருந்து நகர்ந்து முழங்கைப் பக்கம் போயிருக்கும். எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் எல்லையில் பதற்றம் இருக்காது.

விமான ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிளகு 17 கிலோ, அதனால் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு போக வழியில்லை. காற்றழுத்தமும் வெப்பமும் சீராக இருக்கிற கீழ்த்தளத்தில், கூண்டில். உங்கள் டிக்கெட்டுக்கு முன்பாக நாய்க்கு இடம் இருக்கிறதா என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள். கூண்டின் அளவுக்கு சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரை ஒரு அளவு, தரையிலிருந்து முன்காலின் முழங்கை மூட்டு வரை உள்ள உயரத்தில் பாதி, இரண்டையும் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு கூண்டின் அகலம். நின்றால் காதோ தலையோ கூரையில் இடிக்கக் கூடாது. மயக்க மருந்து கொடுக்காதீர்கள், பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ளாது, நாய்க்கும் அது ஆபத்து. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களைச் சில நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை. நாங்கள் கூண்டை இரண்டு மாதத்துக்கு முன்பே வாங்கி, கதவைக் கழற்றிக் கூடத்தில் போட்டுவிட்டோம். ஒரு வாரத்தில் மிளகு தானாகவே அதற்குள் போய்த் தூங்க ஆரம்பித்தது.

பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: விமானத்தில் நாய் சரக்காக மட்டுமே உள்ளே வரலாம், அதுவும் அங்கீகரித்த வழித்தடங்களில். அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கு அனுமதி இல்லை. சிப் கட்டாயம். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இறக்குமதிப் படிவத்தை இணையத்தில் நிரப்பி ரசீது கையில் வைத்திருக்க வேண்டும். ரேபிஸ் அபாயம் அதிகம் என்று அவர்கள் வகைப்படுத்தியிருக்கிற நாடுகளில் கடந்த ஆறு மாதத்துக்குள் நாய் இருந்திருந்தால் அதற்கு மேலும் தாள்கள் உண்டு. கிளம்புகிற நாட்டை மட்டும் பார்க்காமல், ஆறு மாதமாக நாய் எங்கெல்லாம் இருந்தது என்று பார்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அக்டோபர் வந்தது. மூன்று மாதம் 6-ம் தேதியோடு முடிகிறது. இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. மூன்று மாதம் என்பது ரத்தம் எடுத்த நாளிலிருந்து பயண நாள் வரை இல்லை, விலங்கு நலச் சான்றிதழில் அரசு அதிகாரி கையெழுத்துப் போடும் நாள் வரை. அதற்கு முன்னால் கையெழுத்து வாங்கிவிட்டால் சான்றிதழ் தானே தன்னைப் பொய்யாக்கிக்கொள்ளும். கையெழுத்து விழுந்த பிறகு பத்து நாளுக்குள் எல்லைச் சோதனையை முடித்தாக வேண்டும். கப்பலில் போகிறவர்களுக்கு மட்டும் கடலில் போகிற நாட்களைக் கூட்டித் தருகிறார்கள்.

சான்றிதழ் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. முதலில் நுழைகிற நாட்டின் அலுவல் மொழி, கூடவே ஆங்கிலம். முதலில் நுழைகிற நாடு என்பதுதான் முக்கியம். வழியில் வேறு ஐரோப்பிய விமான நிலையத்தில் சோதனை முடித்து மாறிப் போவதாக இருந்தால் அந்த நாட்டு மொழியில் வேண்டும். நாங்கள் நேராக ஹெல்சின்கியில் இறங்குவதாக டிக்கெட்டைப் பார்த்து எடுத்திருந்ததால் ஃபின்னிஷ் மொழிப் படிவம்.

அரசு அலுவலகத்தில் அந்த அதிகாரி வேலை செய்த விதத்தை நான் மறக்க மாட்டேன். நீல மையில்தான் கையெழுத்துப் போட்டார், அச்சின் நிறத்தில் கையெழுத்து இருக்கக் கூடாது என்பது விதி. எங்களுக்குப் பொருந்தாத வாசகங்களை அளவுகோல் வைத்து ஒவ்வொன்றாக அடித்தார், அடித்த ஒவ்வொரு இடத்திலும் சுருக்கொப்பமும் முத்திரையும் வைத்தார். தடுப்பூசிப் புத்தகத்தின் நகல், ஆய்வக அறிக்கையின் நகல் இரண்டுக்கும் சான்றொப்பம். பிறகு நாயை மேசை மேல் ஏற்றச் சொல்லி, தானே ஸ்கேன் செய்து எண்ணை வாய்விட்டு வாசித்தார். நானும் மனசுக்குள் கூடவே சொன்னேன். நாலு, ஏழு, ஒன்று, எட்டு.

கடைசியாக நாடாப்புழு மாத்திரை. ஃபின்லாந்து, அயர்லாந்து, மால்டா, நார்வே, பிரிட்டன் ஆகியவை இதைக் கேட்கின்றன. நரிகளிடமும் நாய்களிடமும் இருக்கும் ஒரு குட்டி நாடாப்புழு, நாய்க்குப் பெரிதாகத் தொல்லை கொடுக்காது, மனிதருக்குள் போனால் கல்லீரலில் கட்டிபோல் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும். அதனால் உள்ளே நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் பிராசிகுவாண்டல் மருந்து கொடுத்து, மருத்துவர் தேதியோடு மணியையும் எழுத வேண்டும். இதுவரை மாதக் கணக்கு, நாள் கணக்கு. இப்போது மணிக் கணக்கு. சனிக்கிழமை மாலை 3 மணிக்கு விமானம் இறங்கும் என்றால் வியாழன் காலை 7 மணிக்குக் கொடுத்தோம். 56 மணி நேரம். விமானம் ஒரு நாள் தாமதமானாலும், இரண்டு நாள் ஆனாலும் அந்த 120 மணி நேரத்துக்குள் இருக்கும் என்று டாக்டரும் நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்து முடிவு செய்த நேரம்.

தாள்கள் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. திருப்பி அனுப்பலாம், சரியாகும் வரை நம் செலவில் தனிமையில் வைக்கலாம், இரண்டுக்கும் வழியில்லை என்றால் கடைசியாகக் கொல்லலாம். இந்த வரியை எழுதவே கை வரவில்லை. ஆனால் 'அடுத்த மாசம் கிளம்பறோம்' என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேதி ஒத்துவரவில்லை என்றால் நீங்கள் முன்னே போங்கள், நாயோடு வீட்டில் ஒருவர் இருக்கட்டும் என்கிறேன். சிலர் என்மேல் வருத்தப்படுகிறார்கள். பரவாயில்லை.

ஹெல்சின்கியில், அதிகாரியிடம் காட்ட வேண்டியது இருப்பவர்கள் போகும் சுங்கத்தின் சிவப்புப் பாதையில் போய் நின்றோம். கூண்டுக்குள் மிளகு எழுந்து நின்று கம்பியில் மூக்கை வைத்திருந்தது. அதிகாரி கோப்பை வாங்கிக்கொண்டு சான்றிதழை விரித்தார். ஸ்கேனரை எடுத்து மிளகின் தோளுக்கு மேல் ஒரு முறை கொண்டுபோனார். சத்தம் வரவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது. "கொஞ்சம் இடது பக்கம், கீழே" என்று காட்டினேன். பீப் என்றது. திரையைப் பார்த்துக்கொண்டே சான்றிதழின் எண்ணுக்குக் கீழே விரலை நகர்த்தினார், பிறகு ஆய்வக அறிக்கையில், பிறகு புத்தகத்தில். மாத்திரை கொடுத்த மணியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாம் சேர்ந்து ஏழெட்டு நிமிஷம். கோப்பை மூடிக் கையில் கொடுத்து, மிளகின் தலையில் தட்டிவிட்டு, போகலாம் என்றார். கதவுக்கு வெளியே கணவர் நின்றிருந்தார். மிளகு அவரைப் பார்த்து அழுத அழுகையை என்னால் எழுத முடியாது.

அடுத்த வாரம் இங்குள்ள கால்நடை மருத்துவரிடம் போய் நீல அட்டை போட்ட ஐரோப்பிய நாய்ப் பாஸ்போர்ட் வாங்கினோம். ரத்தப் பரிசோதனை முடிவையும் அதில் பதியச் சொன்னேன். அது பதிவாகியிருந்தால், ஊருக்கு ஒரு முறை போய்த் திரும்பும்போது மூன்று மாதம் மறுபடி காத்திருக்க வேண்டாம். ஒரே நிபந்தனை, ரேபிஸ் ஊசி ஒரு நாள்கூட இடைவெளி விழாமல் தொடர வேண்டும். ஒரு நாள் தவறினால் அடுத்த ஊசி முதல் ஊசியாகிவிடும், அந்த ரத்தப் பரிசோதனையும் அதோடு போய்விடும்.

மிளகின் ஊசி ஜூன் 2-ம் தேதி வரை செல்லும். சமையலறைக் காலண்டரில் மே 20-ஐச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.